வெற்றிடம் பூச்சியம் அல்ல, மகனே

மகனே,

ஸலாம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுக் குடும்பக் குழுவில் நீ போட்ட படத்தில் நன்றாகத்தான் இருக்கிறாய். மேடை, பூங்கொத்து, கையில் கண்ணாடிக் கேடயம், கழுத்தில் வாப்பா பெருநாளுக்கு வாங்கித் தந்த டை. மாமாமாரும் மாமிமாரும் வரிசையாக மாஷா அல்லாஹ் போட்டு முடித்துவிட்டார்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கோபத்தில் இருக்கிறேன். ஃபோனில் சொல்லத் தொடங்கினால் "உம்மா, மீட்டிங் ஒன்டு ஈக்கி, பொறகு எடுக்கிறேன்" என்று வெட்டிவிடுவாய். பிறகு எடுப்பதும் இல்லை. கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. அடுத்த விருது மேடைக்காகச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுமுன் இதை முழுவதும் வாசித்துவிடு.

முதலில், நீ ஒவ்வொரு காலையும் எனக்கு அனுப்பும் செய்திகளைப் பற்றி. சுபஹு தொழுதுவிட்டுத் தேநீர் ஊற்றும்போதே ஒன்று வந்து விழும். இனி நிரல் எழுத மனிதர்கள் வேண்டாமாம். இன்னும் சில வருடங்களில் இந்தத் தொழிலே இருக்காதாம். கீழே நீ கண் சிமிட்டும் முகம் ஒன்று போட்டிருப்பாய். மகனே, கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில், அங்கே கிடந்த ஒரு சஞ்சிகையில் இதே செய்தியை வாசித்தேன். புதிய மொழி ஒன்று வருகிறது, முகாமையாளர்களே தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வார்கள், எங்களைப் போன்றவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று இருந்தது. எங்கள் முகாமையாளர் ஓய்வு பெறும்வரை, அச்சுப்பொறியில் தாள் சிக்கினால்கூட என்னைத்தான் கூப்பிட்டார். பிறகு படங்களை இழுத்து ஒட்டினால் மென்பொருள் வந்துவிடும் என்றார்கள். அதன் பிறகு எங்கேயோ வெளிநாட்டில் மலிவாக எழுதிவிடுவார்கள் என்றார்கள். அந்த மலிவான வெளிநாடு நாங்கள்தான் என்பது, மாத்தளையில் வீட்டிலிருந்தபடி நானே அவர்களுக்கு எழுதத் தொடங்கியபோது விளங்கியது. என் தொழிலின் மரண அறிவித்தலை நான் எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். வாசித்துவிட்டு ஒவ்வொரு முறையும் வேலைக்குத்தான் போனேன்.

செய்தியில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதுதான் எனக்கு எரிச்சலைத் தரும். பல்லேபொல ஊர் மிளகை ஐரோப்பாவின் சமையலறை வரை பின்தொடரலாம் என்று ஒரு திட்டம் வந்ததே, உனக்கு நினைவிருக்கும். வாப்பாவின் கடையில் மூட்டை மூட்டையாகச் சதுரக் குறி ஒட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் பத்திரிகையில் அரைப் பக்கம். அடுத்த வருடம் அந்தக் குறியை ஃபோனால் பிடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. மூடியதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது உலகத்துக் கணினிகள் எல்லாம் குழம்பும் என்றார்கள். நீ வயிற்றில் இருந்தாய். வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்த இடமெல்லாம் தேடித் தேடித் திருத்தினோம். அன்று வங்கியில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால், எல்லாம் வீண் பயம் என்று செய்தி போட்டார்கள். நாங்கள் திருத்தியதால்தான் நடக்கவில்லை என்று சொல்ல ஆளில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அது வெளியார் எழுதிய செய்தி. நேற்று மேடையில் பேசி, அந்த வீடியோவையும் குழுவில் போட்டது என் மகன்.

உங்கள் மண்சரிவு எச்சரிக்கைச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று உனக்கே நான் சொல்வது வேடிக்கைதான். இருந்தாலும் நேற்று நீ பேசியதைக் கேட்டபோது உனக்கு மறந்துவிட்டதோ என்று பட்டது, அதனால் சொல்கிறேன். மலைச் சரிவுகளில் மழை அளக்கும் கருவிகளை வைத்திருக்கிறீர்கள். அவை அளந்ததைத் தொலைபேசிக் கோபுரம் வழியாக அனுப்பும். பெய்த மழையைக் கூட்டிப் பார்த்து, மண் சரியுமா என்று உங்கள் மொடல் கணிக்கும். ஆபத்து இல்லையென்றால் பச்சை, கவனமாக இரு என்றால் மஞ்சள், வீட்டை விட்டுப் போ என்றால் சிவப்பு. நல்ல வேலை. ரத்தோட்டைக்கு மேலே உன் சாச்சியின் கிராமத்தில் அதை நீயே கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டு ஃபோனிலும் போட்டுக் கொடுத்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் தங்கச்சி அன்று உனக்காகக் கோழி அறுத்தாள்.

போன பருவ மழையில், அந்த நாள் காலையில் வாப்பா தம்புள்ளைக்குப் போயிருந்தார். மாத்தளை டவுனிலேயே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீதிக் கானில் தண்ணீர் நிரம்பிப் பாதைக்கு ஏறிவிட்டது. சாச்சி பக்கம் எப்படி என்று பார்க்க உன் செயலியைத் திறந்தேன். அவள் கிராமம் பச்சை. உள்ளே போய்ப் பார்த்தேன். அன்று காலையிலிருந்து பெய்த மழை என்ற இடத்தில் பூச்சியம். மணிக்கு மணி வரிசையாகப் பூச்சியம். டவுனில் இப்படிக் கொட்டும்போது அந்த மலையில் ஒரு துளி விழவில்லையா? நிரல் எழுதிப் பழகிய எனக்கு நடந்தது என்னவென்று விளங்கியது. மேலே கோபுரத்துக்கு மின்சாரம் போயிருக்க வேண்டும். கருவியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராததை உங்கள் நிரல் வெற்றிடம், அதாவது தெரியாது, என்றுதான் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அது பூச்சியம் என்று வைத்துக் கூட்டிவிட்டது. மழை கூடக் கூட உங்கள் செயலி வெயில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

உடனே உனக்கு எடுத்தேன். நீ எடுக்கவில்லை. கிராம சேவகருக்கு எடுத்தேன், லைன் கிடைக்கவில்லை. சாச்சியின் ஃபோன் கீழ்ப்பக்கக் கோபுரத்தில் இருந்து வேலை செய்வதால் அவள் கிடைத்தாள்.

"மழை ஊத்துது ராத்தா, முத்தத்துல ஆறு மாதிரி ஓடுது" என்றாள். "பயப்படாதீங்க. ஒங்கட மகன் போட்டுத் தந்ததுல பச்சையாத்தான் ஈக்கி."

"ஃபோன உட்டுப்போட்டு வெளிய பாரு. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஒடனே எறங்கு. அந்தப் பச்சை பிழை."

"எப்பிடி பிழையாகும்? படிச்ச புள்ளைகள் செஞ்சது. நேத்து மஞ்சள் காட்டினது, இப்பதான் பச்சைக்கு வந்திருக்கி. கொறைஞ்சிட்டு."

வெற்றிடம், பூச்சியம், கோபுரம், மின்சாரம் என்று நான் விளங்கப்படுத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்க அந்தக் காலத்துப் படிப்பு ராத்தா, இது புதுசு" என்றாள். என் வாழ்க்கை முழுவதும் இயந்திரங்களுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்த எனக்கு என் தங்கச்சிக்கு ஒரு வரி சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர் இரைவது எனக்குக் கேட்டது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதுபோல மூச்சை இழுத்து, "எனக்கு நெஞ்சு நோவுது. ஒன்ட மச்சானும் தம்புள்ளைக்குப் போயிட்டாரு. ஊட்ல ஆருமில்ல" என்றேன்.

"யா அல்லாஹ்! படுங்க ராத்தா, அசையாதீங்க. இந்தா வாரேன்."

வந்தாள். சாச்சா கண்டியில் வேலையில் இருந்ததால் இரண்டு பெண் பிள்ளைகளையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், கையில் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றாள். நான் அவசரத்தில் நேரே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டேன். மேலும் கீழும் பார்த்தாள். பிறகுதான் எனக்கு உறைத்து, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். அவள் என் நெஞ்சில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் ஃபோன் அடித்தது. சரிவு இறங்கிவிட்டது. அவள் சமைக்கும் குசினியும் தண்ணீர்த் தாங்கியும் மண்ணுக்குள் போயிருந்தன. அடுத்த வீட்டுக் கிரிபண்டா ஐயா மாட்டுத் தொழுவத்துக்கு அடியில் கிடந்தார். ஊர் ஆட்கள் உயிரோடு இழுத்து எடுத்தார்கள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது.

மகனே, இதை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். என் பொய் ஒரு வீட்டை மட்டும்தான் இறக்கியது. எனக்கு நெஞ்சு வலித்தால் கிரிபண்டா ஐயா எதற்கு வீட்டை விட்டு வருவார்? அந்த வீட்டு வரிசையில் இருந்த எல்லோரும் இறங்கியிருக்க வேண்டுமென்றால் உண்மை வேண்டியிருந்தது. அந்த உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் பச்சை போட்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் அசல் கூத்து. பின்னேரம் கோபுரத்துக்கு மின்சாரம் வந்தது. கருவி சேர்த்து வைத்திருந்த மழை முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பியது. உங்கள் செயலி சிவப்பாகி அலறியது, மண் விழுந்து ஆறிய பிறகு. உங்கள் கணினியில் அந்தக் கிராமத்துக்கு அந்தத் திகதியில் சிவப்பு எச்சரிக்கை என்று பதிவாகிவிட்டது. எத்தனை மணிக்கு என்று யார் கேட்டார்கள்? சில நாட்களில் செய்தி வந்தது. மலைக் கிராமத்தைக் காப்பாற்றிய செயற்கை நுண்ணறிவு. உயிர்ச்சேதம் இல்லை, சிவப்பு எச்சரிக்கை இருந்தது, இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். நீ அதைக் குழுவில் போட்டு, "அல்ஹம்துலில்லாஹ், சாச்சியைக் காப்பாற்றியது எங்கள் செயலி" என்று எழுதினாய்.

அன்று உன்னோடு ஃபோனில் போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "உம்மா, அது மொடல்ட பிழை இல்ல. டேட்டா வரல்ல, அவ்வளவுதான்" என்றாய். அவ்வளவுதானா? மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போகும் என்பது உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? உங்கள் மொடல் எத்தனை நாட்டுத் தரவுகளைப் படித்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். ஒன்றும் வராதபோது என்ன செய்வது என்பது நாங்கள் எல்லாம் முதல் மாதத்தில் படித்தது. "நீங்க அந்தப் பழைய கோபோல் மொழி காலத்து ஆள், உம்மா" என்றாய். ஆமாம். அந்தக் காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் கணக்கு விபரம் வராதபோது, அவரிடம் பணம் ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பினால், அடுத்த நாள் அவர் வந்து மேசையில் அடிப்பார். மண்ணுக்கு அடியில் இருந்து யார் வந்து உங்கள் மேசையில் அடிப்பது? வாப்பா நடுவில் புகுந்து, "ஒங்க ரெண்டு பேர்ட சண்டையில எனக்குச் சோறு ஆறுது" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீ வந்தாய். ஜும்ஆவுக்குப் பிறகு, சாப்பிடுவதற்கு முன், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உன்னைக் குத்திக்காட்ட என்று நினைத்திருப்பாய். பாதி உண்மைதான். கிரிபண்டா ஐயா கட்டிலில் அசையாமல் கிடந்தார். ஏன் இறங்காமல் நின்றீர்கள் என்று நான் சிங்களத்தில் கேட்டேன். "கொள பாட்டனே திப்பே, நோனா" என்றார். பச்சையாகத்தானே இருந்தது என்று. மண் அசைவதுபோல அவருக்கும் பட்டிருக்கிறது. ஃபோனைப் பார்த்திருக்கிறார், பச்சை. சரி, அவசரமில்லை, மாட்டை அவிழ்த்துவிட்டுப் போகலாம் என்று தொழுவத்துக்குப் போயிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அவர் உன்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ஆனால் உன் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வயதாகிவிட்டது, கண் சரியில்லை, சிவப்பைப் பச்சை என்று பார்த்துவிட்டேன் போலிருக்கிறது என்றார். பத்திரிகையில் சிவப்பு என்று போட்டிருப்பதாக மகள் வாசித்துக் காட்டினாளாம். உங்கள் செய்தி அந்த மனிதரை அவர் கண்ணையே சந்தேகப்பட வைத்துவிட்டது. நீ வாயைத் திறப்பாய் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீ தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாய். வீட்டில் சோறும் தின்னவில்லை, கொழும்பு பஸ்ஸைப் பிடித்துவிட்டாய்.

பிறகு செயலிக்குப் புதிய பதிப்பு வந்தது. குறிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று மட்டும் இருந்தது. நான் சும்மா விடுவேனா? மழை நாளொன்றில் கோபுரம் செத்த ஓர் இடத்தைத் தேடிப் பார்த்தேன். பச்சை இல்லை. சாம்பல் நிறம். கீழே, "தகவல் வரவில்லை. இதை நம்பி இருக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும். அது நீதான் என்று எனக்குத் தெரியும். உன் மேலதிகாரிகளோடு அதற்காக நீ எவ்வளவு வாதாடியிருப்பாய் என்பதும் தெரியும். சின்னத் திருத்தம் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அன்று உனக்கு மெசேஜ் அனுப்பினேன், "பார்த்தேன்" என்று. நீ ஒரு இதயம் போட்டாய். என் கோபம் முக்கால்வாசி அன்றே இறங்கிவிட்டது. மீதி இருந்ததையும் மறந்திருப்பேன், நேற்று நீ மேடையேறி, உன் சாச்சியின் பெயரைச் சொல்லி, எங்கள் சிவப்பு எச்சரிக்கையால்தான் அவர் பிள்ளைகளோடு தப்பினார் என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

நிரலைத் திருத்திவிட்டாய். கதையை அப்படியே விட்டுவிட்டாய். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கும் விளங்கும். சிங்கப்பூர் இல்லாமல் போகலாம். கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்கள். உன் முதலாளி உன்னைக் கூப்பிட்டு, குடும்பக் கதையை ஏன் வெளியே எடுத்தாய் என்பார். உம்மாவாக, அதெல்லாம் நடக்கக்கூடாது என்றுதான் துஆ கேட்கிறேன். மேடையில் ஏறித் திருத்து என்று நான் கேட்கவில்லை. அது உனக்கும் உன் மனதுக்கும் உள்ள பாடு. ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன், அதில் பேரம் இல்லை.

உன் சாச்சி குசினியைத் திரும்பக் கட்டி முடித்துவிட்டாள். அதே சரிவுக்குக் கீழே. போன கிழமை எனக்கு எடுத்து, "ராத்தா, இனி எனக்குப் பயமே இல்ல. நாங்க வெளிக்கிட்ட ஒடனே சிவப்பு அடிச்சதாமே, ஒங்கட நெஞ்சு நோவு இல்லாட்டியும் அந்தச் சிவப்பு எங்கள எறக்கியிருக்கும்" என்றாள். நீ போட்ட சாம்பல் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். "அது என்னவோ, ஃபோன் பழசு, கலர் மங்கிட்டு" என்றாள். கேட்டாயா? அன்று பச்சை பொய் சொன்னது என்று தெரியாத ஆளுக்கு, சாம்பல் எதற்கு என்று எப்படி விளங்கும்? மாதா மாதம் என் நெஞ்சுக்கு டாக்டரிடம் காட்டினேனா என்று கேட்டு அவள் என் உயிரை எடுக்கிறாள். அதற்கும் நான் இதுவரை உண்மை சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை வாப்பா வேனை எடுக்கிறார். நான் மேலே போகிறேன். கிரிபண்டா ஐயாவும் வீட்டுக்கு வந்துவிட்டாராம், பொல்லு ஊன்றி நடக்கிறாராம். என் நெஞ்சில் ஒரு நோவும் இல்லை, அன்று பொய் சொல்லித்தான் உன்னை இறக்கினேன் என்று தங்கச்சியிடம் சொல்லப் போகிறேன். அவள் சும்மா இருக்கமாட்டாள். நீயும் வா. அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, அன்று செயலி காட்டியது பச்சைதான், சிவப்பு பிறகுதான் வந்தது என்று உன் வாயால் சொல். ஐயாவிடம், உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சிங்களத்தில் சொல். உன் சிங்களம் என்னுடையதைவிட நல்லது.

முன் ஸீட்டை உனக்கு விட்டு வைக்கிறேன். நீ வராவிட்டால், என்னுடைய பொய்யோடு சேர்த்து உன்னுடையதையும் நானே சொல்லிவிட்டுத்தான் மலையிறங்குவேன்.

உம்மா